மேனேஜரின் கூண்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பெரியவள், சின்னவன் எல்லாரும் நலம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அதனால் இனிமேல் லெட்டர் போடு என்றாய். போட்டுவிட்டேன்.

அப்பாவின் நாய் வந்து ஒன்பது நாள் ஆகிறது. எடை நான்கு கிலோ. அதில் மூன்றரை கிலோ தொண்டை என்று நினைக்கிறேன். சின்னவனுக்கு மூச்சிரைக்கிறது, இதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அனுப்பினாய், சரி. ஆனால் ஒரு பம்ப் வாங்கினால்கூட அதோடு ஒரு கையேடு தருகிறார்கள். நீ அனுப்பியது ஒரு நாய், ஒரு கம்பிக் கூண்டு, ஒரு கிழிந்த போர்வை.

காலையில் அதைக் கூண்டில் அடைத்துவிட்டுக் குளிக்கப் போகிறேன். குழாயைத் திறந்ததும் ஊளை தொடங்குகிறது. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகும் நிற்பதில்லையாம். நேற்று கட்டடப் பொறுப்பாளர் படியில் வழிமறித்தார்.

"சார், நீங்க வளக்கிறது நாயா, ஆம்புலன்ஸா?"

"நாய்தான்."

"பக்கத்து வீட்டு நர்ஸம்மா நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்லதான் தூங்குறாங்க. மே முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள சத்தம் நிக்கணும், இல்ல அது வேற இடம் பாக்கணும். கூட நீங்களும் போறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல."

உடைந்த இரும்பைப் பார்த்து அது ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இரும்பு ஊளையிடாது. இந்தப் பிராணியை எப்படிப் பழக்குவது என்று எனக்குத் தெரியாது. மதியம் அரை மணி நேரம் வீட்டுக்கு வந்து போக முடியும், மற்ற நேரமெல்லாம் அது கூண்டில் சத்தமில்லாமல் இருந்தாக வேண்டும். படிப்படியாக எழுது. முடியவில்லை என்றால் பிராணிகள் காப்பகத்தில் விட்டுவிடுவேன். மிரட்டவில்லை, தகவல் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 12

என் தம்பி இஞ்சினீயருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்டால் எரிந்து விழுவாய், இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

அதற்குப் பெயர் 'அது' இல்லை, மேனேஜர். வீட்டில் யார் என்ன செய்தாலும் பக்கத்தில் போய் நின்று மேற்பார்வை பார்க்கும் என்று அப்பா வைத்த பெயர். பெயர் சொல்லிக் கூப்பிடு. பாதி ஊளை அதிலேயே குறையும்.

குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு வருஷமாகப் பச்சைக் குழந்தைகளை வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறேன், அங்கே கற்றதைச் சொல்கிறேன். முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு அம்மா போனால் அந்தக் குழந்தை ஒரு மாதம் அழும். அதனால் முதல் நாள் அம்மா உள்ளேயே உட்கார வேண்டும். அடுத்த நாள் வாசலில். அதற்கடுத்த நாள் வெளியே, ஆனால் செருப்பு மட்டும் கண்ணில் படுகிற மாதிரி. நாயும் அப்படித்தான்.

கூண்டுக் கதவைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடு, தானாக அசையக் கூடாது. மூன்று பக்கமும் துணி போட்டு மூடு. நீ போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றை உள்ளே விரி. துவைக்காதே. சாப்பாட்டுத் தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே வை, நாளுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளு. தானாகப் போய்ப் படுக்கிற வரைக்கும் கதவைத் தொடாதே. பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் மட்டும் சாத்து. அது அழுவதற்கு முன்பே திற, அழுத பிறகு திறந்தால் அழுதால்தான் திறப்பார்கள் என்று படித்துக்கொள்ளும். கத்தாதே. உன்னைத்தான் சொல்கிறேன்.

ஆறு வருஷம் அதே கூண்டில் தூங்கிய நாய்தான். அப்பா அதைக் கதவு சாத்தி வைத்தால்கூடச் சத்தமே போடாது. தினம் காலையில்

(இங்கே இரண்டு வரி அடித்திருக்கிறேன். பேனா கசிகிறது.)

பிராணிகள் காப்பகத்தில் மட்டும் விட்டுவிடாதே தம்பி. அப்பாவுடையது என்று அது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது.

ராத்திரி கண் விழிக்காதே. மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

வேளைக்குச் சாப்பிடவில்லை, மேனேஜர் சாப்பிடுகிறார். உன் முறையைப் பத்து நாள் வரி பிசகாமல் செய்தேன். நான்காம் நாள் முன்னங்கால் இரண்டும் உள்ளே. ஆறாம் நாள் முழு உடம்பும். எட்டாம் நாள் கதவு திறந்திருக்க இருபது நிமிடம் என் சட்டை மேல் தூங்கியது. ஒப்புக்கொள்கிறேன், வேலை செய்கிறது.

ஒன்பதாம் நாள் கதவைச் சாத்தினேன். இரண்டே வினாடி. கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் அப்படியே நின்றபடி மூத்திரம் போய்விட்டது. குரைக்கவில்லை. கண் என்னைப் பார்க்கவில்லை, குளியலறைப் பக்கம் பார்த்தது. உடம்பு நடுங்கியதில் கூண்டே தரையில் கடகடவென்று ஆடியது. நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. திறந்துவிட்டேன், வெளியே வரவும் இல்லை.

இன்னும் இரண்டு கவனித்தேன். கூண்டுக்குள் போகும் முன்பு கிண்ணத்துத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போகிறது. பிஸ்கட் கொடுத்தால் பாதியைப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைக்கிறது.

சனிக்கிழமை விலங்கு டாக்டரிடம் தூக்கிப் போனேன். அந்த அம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்ப உடைச்சுச்சு?" என்றார்.

"எதை?"

"கோரைப்பல் ரெண்டும் போயிருக்கு. முன்பல்லெல்லாம் தேஞ்சிருக்கு பாருங்க. கல்லைக் கடிச்சா இப்படித் தேயாது. இது கம்பியைக் கடிச்சது. அதுவும் கொஞ்ச நேரம் இல்ல."

"எப்ப நடந்திருக்கும்?"

"நாலு மாசம், அஞ்சு மாசம். அதுக்கு முன்னாடி இருக்காது."

"என்கிட்ட வந்து ஒரு மாசம்தான் ஆகுது."

"அப்போ யார்கிட்ட இருந்துச்சோ அவங்களைக் கேளுங்க. என்னை ஏன் முறைக்கிறீங்க?"

கேட்கிறேன். பல் எப்படி உடைந்தது?

எல்லாருக்கும் என் விசாரிப்பு.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. காப்பகத்தில் புதுக் குழந்தைகள் சேருகிற நேரம், அதனால்தான் பதில் தாமதம்.

பல் எனக்குத் தெரியாது. எலும்பு ஏதாவது கடித்திருக்கும். வயதான நாய்.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பழைய கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு. கம்பி வேண்டாம், பிளாஸ்டிக்கில் வருகிறதே, அது. கொக்கிச் சத்தம் இருக்காது. பழையதை வைத்து என்ன பண்ணப் போகிறாய்? வீட்டில் வைக்காதே, குப்பைக்குப் போடு. சொன்னால் கேள்.

மேனேஜருக்கு ஒரு தடவு தடவிக் கொடு.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

நீ சொன்னபடி கூண்டைப் போடத்தான் கீழே எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் திருப்பியபோது கண்ணில் பட்டது. கதவின் அடியில் இரண்டு கம்பிகளின் வெல்டிங் விட்டிருக்கிறது, அதன் மேல் யாரோ புதுக் கம்பியைச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். சுற்றிய விதம் உன்னுடையது, நீ பார்சல் கட்டுவதும் அப்படித்தான். அடித்தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாய். ஆனால் ஒரு மூலையில் பெயின்ட் பொரிந்து துரு ஏறியிருக்கிறது. ஒரு நாள் மூத்திரம் அந்த வேலையைச் செய்யாது.

கூண்டைப் போடவில்லை. கம்பியை வெட்டி லேப்புக்கு எடுத்துப் போய்ப் பூதக்கண்ணாடியில் வைத்தேன். கூட வேலை செய்கிறவன், "என்னடா, பர்சனல் கேஸா?" என்று சிரித்தான்.

ஒரே இழுப்பில் உடைந்த இரும்பின் முகம் ஒரு மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஆட்டி உடைத்த இரும்பு வேறு மாதிரி, குளம் வற்றும்போது கரையில் வரி வரியாகத் தடம் விழுமே, அப்படி. இதில் வரி வரியாக இருக்கிறது. நான்கு கிலோ நாய் பல்லால் கவ்வி ஆட்டி இந்த ஒட்டு விட வேண்டுமென்றால் எத்தனை ஆயிரம் தடவை ஆட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தூங்காமல் ஒன்றரை நாள். குறைத்துப் போட்டே இவ்வளவு.

உன் வீட்டில் நடந்ததா என்று பெரியவளிடம் போனில் கேட்டேன். "இல்ல மாமா, எங்க வீட்டுல அது சோபாலதான் தூங்கும். கூண்டை அம்மா பால்கனியில போர்வை போட்டு மூடி வச்சிருந்தாங்க. தொடக் கூடாதுன்னுட்டாங்க."

அப்படியானால் இது அப்பா வீட்டில்தான் நடந்தது.

செவ்வாய் ராத்திரி அப்பாவோடு பேசியதாகச் சொன்னாய். புதன் விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாய். அப்பா இருந்திருந்தால் அந்த நாய் ஒன்றரை நாள் கூண்டில் கிடந்திருக்காது. அந்த ஒன்றரை நாள் அப்பா எங்கே இருந்தார்?

தம்பி


ஏப்ரல் 23

அக்கா,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மாமா எடுத்தார். "அவளே எழுதுவா" என்று சொல்லி வைத்துவிட்டார். குரல் சரியாக இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் நலம்தானே? நான் நலமில்லை.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வருகிறது. நான் ரயிலில் பதினாறு மணி நேரம் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தாய். அப்பா முகத்தைக் காட்டவில்லை. டாக்டர் மூடச் சொன்னார் என்றாய். தூக்கத்தில் போனவரை எந்த டாக்டர் மூடச் சொல்வார்? ஐந்து மாதமாக அதற்காகத்தான் உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இல்லை, பயம்.

அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தார். தினம் ஒருவர் போன் பண்ணியே ஆக வேண்டும் என்று பட்டியல் போட்டவன் நான். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான், சாயங்காலம் ஏழு மணி. அந்தத் தாள் என் முன்னால் இருக்கிறது. வருஷத்தின் நாற்பத்தேழாம் வாரம், உன் பெயர். அந்தத் திங்களும் செவ்வாயும் உன் முறை.

நீ கூப்பிட்டாயா, இல்லையா?

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை காலை பேப்பர்காரர் போன் பண்ணினார். "அம்மா, சார் ஊருக்குப் போயிட்டாரா? நேத்துப் பேப்பர் வாசல்லயே கிடக்கு. உள்ள நாய் ஒரு மாதிரி முனகுது" என்றார். மாமா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். என்னிடம் சாவி இருந்தது.

அப்பா திங்கட்கிழமைப் பேப்பரைப் படித்து மடித்து வைத்திருந்தார். படித்து முடித்து, மேனேஜரைக் கூண்டில் விட்டு, பிறகுதான் குளிக்கப் போவார். ஈரத் தரையில் காலுக்குள் புகுந்து தடுக்கிவிடும் என்று. பத்து நிமிடம், வந்து திறந்துவிடுவார். ஆறு வருஷமாக அப்படித்தான்.

குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மாமா உடைத்தார். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. பெட்டியை ஏன் மூடினேன் என்று இனி உனக்குத் தெரியும். நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நான் பார்த்தது போதும்.

கூண்டைத் திறந்தேன். மேனேஜர் வெளியே வரவில்லை. வாயெல்லாம் ரத்தம்.

ஆமாம், என் முறைதான். நான் மறந்துவிட்டேன். திங்களும் மறந்தேன், செவ்வாயும் மறந்தேன். காரணம் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. நாயைக் கைவிடாதே.

அக்கா


மே 1

இரண்டு நாள்! ஒரு போன்! ஒரு நிமிட வேலை!

எனக்கு இனி எழுத வேண்டாம். முப்பத்தொன்றாம் தேதி நாயைக் காப்பகத்தில் ஒப்படைக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் தெரிகிறது.


மே 6

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அக்கா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மற்றபடி நலம். எனக்கு எழுத வராது, பஸ் ஓட்டத்தான் வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நேற்று உன் கடிதத்தைப் படித்தேன். சத்தியம் போனால் போகிறது.

அவள் மறக்கவில்லை. இதோடு அவளுடைய தாளை வைத்திருக்கிறேன். எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. உன் பட்டியலைப் பார்த்து அவள் கைப்பட எழுதியது. பார். நாற்பத்தெட்டாம் வாரம், திங்கள் முதல் ஞாயிறு, தம்பி. அந்தத் திங்கள் உன்னுடையது என்றுதான் அவள் இருந்தாள். ஊரில் எல்லாருக்கும் வாரம் திங்கட்கிழமைதானே ஆரம்பம்.

நீ வந்த அன்றைக்கு வாசலில் நின்று அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? "முந்தாநாளோட உன் வாரம் முடிஞ்சுதுக்கா, நேத்துத்தான் என் வாரம் ஆரம்பம், சாயங்காலம் கூப்பிடலாம்னு இருந்தேன்" என்று. அன்றைக்கு வியாழக்கிழமை. நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். மூன்றாம் நாள் உன் தாளையும் அவள் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குற?"ன்னு கேட்டேன்.

"அவனுக்கு வாரம் புதன்கிழமை பொறக்குதுங்க"ன்னா.

"அப்போ தப்பு அவன்மேலயா?"

"வாயை மூடுங்க. தூக்கத்துல போயிட்டாருன்னு அவன்கிட்ட சொன்னது அப்படியே இருக்கட்டும். அவன் போட்ட கணக்கு இது. அவன் தாங்க மாட்டான்."

அவள் தாங்குவாள் என்று யார் சொன்னது? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை அப்போது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை மாப்பிள்ளை. ஆனால் அவளுக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


மே 10

அக்கா,

நீ சாப்பிட்டாயா? மற்றதைப் பிறகு படி. சாப்பிட்டுவிட்டு வந்து படி.

மாமாவைத் திட்டாதே.

எங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் புதன்கிழமை மாறும். சம்பளத் தாள், உற்பத்தித் தாள், சாப்பாட்டு டோக்கன் எல்லாமே புதனிலிருந்து செவ்வாய். ஏழு வருஷமாக அதற்குள்ளேயே கிடந்து, உலகத்துக்கே வாரம் புதனில் தொடங்குகிறது என்று ஆகிவிட்டது எனக்கு. பட்டியலில் வார எண்ணை மட்டும் போட்டேன். எந்தக் கிழமை என்று எழுதவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் அளவு எழுதி அலகு எழுதாவிட்டால் தாளை மூஞ்சியில் வீசுகிறவன் நான்.

இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தேன். உன் வாரத்திலிருந்து என் வாரத்துக்கு மாறும்போதெல்லாம் திங்களும் செவ்வாயும் யாருமே கூப்பிடவில்லை. என் வாரத்திலிருந்து உன் வாரத்துக்கு மாறும்போது இரண்டு பேருமே கூப்பிட்டிருக்கிறோம். எட்டு மாதம் இது ஓடியிருக்கிறது. அப்பா ஒரு தடவை என்னிடம், "என்னடா, இன்னைக்கு டபுள் டூட்டியா? இப்பத்தான் உங்க அக்கா போனை வச்சா" என்றார். நான் சிரித்தேன். ஒரு இயந்திரம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரித்துப் போட்டுப் பார்த்திருப்பேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அது வந்த புதிதில் தினமும் காலையில் நான் கொக்கியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன். கதவைத் தாழிட்டேன். தண்ணீரைத் திறந்தேன். அந்தத் திங்கட்கிழமையை அந்த நாய்க்கு ஒவ்வொரு காலையும் நானே மறுபடி மறுபடி நடத்திக் காட்டியிருக்கிறேன். ஊளையிடுகிறது என்று கத்தியிருக்கிறேன்.

கூண்டுக் கதவைக் கழற்றிவிட்டேன், கொக்கியோடு. மூன்று வாரம் லீவு போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. கம்பியில் அந்த வரிகள் முதலில் நெருக்கமாக இருக்கின்றன, ஒரே சீராக. சும்மா அடைபட்ட நாய் கொஞ்ச நேரம் ஆட்டும், அலுத்துத் தூங்கும், மறுபடி ஆட்டும். இது அப்படி ஆட்டவில்லை. யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இப்படி ஆட்டும். பிறகு ஓர் இடத்தில் நின்றுவிட்டிருக்கிறது. எப்போது நிறுத்தியது என்று கம்பி காட்டுகிறது. ஏன் என்று காட்டவில்லை.

அப்பா போனது எந்த நேரம் என்று டாக்டர் சொன்னார்? திங்கள் காலையேவா?

நான் எழுதிய அந்தச் சின்னக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி


மே 13

என் தம்பிக்கு,

சாப்பிட்டேன். நீ தந்தி மாதிரி எழுதிய அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு மாமா தட்டோடு வந்து நின்றுவிட்டார். சின்னவன் இப்போது ஓடி ஆடுகிறான். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது.

அந்தச் சின்னக் கடிதத்தை நீ சொல்லும் முன்பே கிழித்துவிட்டேன்.

ஒருவன் தப்பு என்று எழுதாதே. உன்னிடம் டபுள் டூட்டியா என்று கேட்டாரா? என்னிடம், "ரெண்டு நாள் லீவு விட்டுட்டீங்க போல" என்று கேட்டார். தம்பி கூப்பிட்டிருப்பானே, மறந்துவிட்டுப் பேசுகிறார் என்று நானும் சிரித்தேன். உன்னிடம் ஒரு பாதி சொன்னார், என்னிடம் மறுபாதி. நாம் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் அது அன்றைக்கே தெரிந்திருக்கும். அவரோடு முறை போட்டுப் பேசினோம், நமக்குள் பேசவில்லை. அதற்குப் பட்டியலைக் குறை சொல்லி என்ன.

சின்னவனுக்கு மூச்சிரைப்பு உண்மைதான். ஆனால் மேனேஜரை அனுப்பியது அதனால் மட்டும் இல்லை. நான் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தாலே எழுந்து நின்று நடுங்கும். எனக்கும் அதே நேரத்தில் நடுங்கும். இரண்டு பேர் ஒரே வீட்டில் அப்படி இருக்க முடியவில்லை.

குளியலறைக்குப் பயந்த குழந்தைகள் காப்பகத்தில் உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் கை தெரிகிற மாதிரி, வெறுங்கையால் தண்ணீரை அளைவோம். வெளியே வருவோம். மறுபடி போவோம், மறுபடி வருவோம். போவது பயம் இல்லை தம்பி, அதற்கு வருவதைத்தான் காட்ட வேண்டும்.

அதிகம் நனையாதே, உனக்குச் சளி பிடிக்கும். லீவு எடுத்ததை மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லையா? மேனேஜருக்குப் பல் வலிக்கும், பிஸ்கட்டை நனைத்துக் கொடு.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

சளி பிடித்துவிட்டது. மற்றபடி நலம். மாமாவுக்கு என் வணக்கம். பெரியவளுக்கு மார்க் வந்ததும் சொல்.

உன் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்த ஒரே கேள்விக்கு மட்டும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். இனி அதைக் கேட்க மாட்டேன்.

கம்பித் துண்டை லேப்பிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அறிக்கை எழுதவில்லை. என் வேலையில் இது முதல் தடவை.

உன் கடிதம் வந்த நாள் முதல் இதுதான் செய்தேன். கூண்டைக் குளியலறைக்கு எதிரே நகர்த்தி வைத்தேன். முதல் நாள் கதவைத் திறந்து போட்டு ஒரு வாளித் தண்ணீரைக் கையால் அளைந்துவிட்டு வெளியே வந்தேன். மேனேஜர் வாசலுக்கு வந்து என் காலை முகர்ந்து பார்த்தார். நான்தானா என்று சரிபார்க்கிற மாதிரி. மறுபடி போனேன். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை குளித்திருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் பொறுப்பாளரிடம், "மேல இருக்கிறவருக்கு மண்டையில ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தாராம். ஐந்தாம் நாள் குழாய். ஒன்பதாம் நாள் கதவைப் பாதி சாத்தினேன், நடுங்கியது, மூன்று நாள் பின்னால் போனோம். பதினாறாம் நாள் முழுக்கச் சாத்தினேன், தாழ் போடவில்லை. உள்ளே நின்றுகொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் வெல்டிங் கம்பி அளவுகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன், குரல் கேட்கட்டும் என்று.

தாழ்ப்பாளை இனி நான் போடுவதில்லை. அது நாய்க்காக இல்லை.

நேற்று கெடு. காலையில் பத்து நிமிடமாகக் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியில் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாதது எனக்குப் பயமாக இருந்தது, சோப்போடு துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கூண்டுக்குள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பொறுப்பாளர் வந்து மணி அடிக்கிற வரைக்கும்.

"என்ன சார், நாயைக் குடுத்துட்டீங்களா? ஒரு வாரமா சத்தமே இல்ல. நர்ஸம்மாவே கேட்டாங்க, பாவம் எங்க போச்சுன்னு."

"குடுக்கல. உள்ளதான் இருக்கு. தூங்குது."

நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"கூண்டுக்குக் கதவு எங்க?"

"கழட்டிட்டேன்."

"கதவே இல்லாம எப்படி சார் சும்மா கிடக்கு? முன்னாடி பூட்டி வச்சே ஊரைக் கூட்டுச்சே!"

"நான் குளிச்சிட்டு வெளிய வந்துருவேன்னு அதுக்கு இப்போ தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்து சோப்பு வழிந்துகொண்டிருந்தது.

"இதுல தெரியறதுக்கு என்ன சார் இருக்கு? குளிக்கப் போனா எல்லாரும் வெளிய வரத்தானே செய்வாங்க?"

கண்ணில் இறங்கிய சோப்பைத் துடைத்துக்கொண்டேன் அக்கா. மேனேஜர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

உன்
தம்பி